லூசியாவுக்கு வந்த சீர்

அபுதாபிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ஓர் அமெரிக்கப் பெண்மணியிடம் தமிழில் இடம் கேட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நம் ஊரில் ஞாயிறன்று காணும் பூசையை அங்கே வார விடுமுறையான வெள்ளியன்று காண்கிறார்கள். மாதா கோயிலில் நிற்க இடமில்லை. பெண்கள் பக்கத்துப் பெஞ்சு ஒன்றின் ஓரத்தில், நீண்ட பின்னலை முதுகில் விட்டுக்கொண்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அமர்ந்திருந்தார். மாநிறம், வள்ளியூர்ப் பக்கத்து முகம். "அக்கா, கொஞ்சம் தள்ளி இருக்கியளா?" என்றேன். அவர் உடனே தள்ளி அமர்ந்தார். முழங்காலிட்டோம், எழுந்தோம், நன்மை அப்பம் வாங்கினோம். பூசை முடியும்வரை என் தவறு எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த வாரத்தில் நீங்கள் நான்காவது ஆள். செவ்வாய்க்கிழமை சந்தையில் ஒருவர் என்னிடம் மலையாளத்தில் மீன் விலை கேட்டார்."

நான் வருத்தம் தெரிவிப்பதற்குள் என் அக்காவின் கணவர், அத்தான், வந்துவிட்டார். "இவதான் ஜெசிந்தாவோட தங்கச்சி" என்பதை அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. பெயர் மார்த்தா என்றும், டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியிலிருந்து வந்தவர் என்றும், போன ஆண்டு தம் அறுவைச் சிகிச்சையின்போது இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸ் என் அக்காதான் என்றும் சொன்னார். அக்காவின் பெயரை அவர் "ஹசிந்தா" என்று உச்சரித்தார். அவருடைய ஊரிலும் அது பெண்களுக்கு வைக்கும் பெயராம்.

நான் அங்கே போனது, முதற்பிரசவம் ஆகியிருந்த அக்காவுக்கு உதவியாக. அம்மா ஆசிரியை; தேர்வுத்தாள் திருத்தும் மாதத்தில் நகர முடியாது. ஆங்கில இலக்கிய முதுகலையில் முதலாண்டுத் தேர்வை எழுதி முடித்திருந்த என்னை விசிட் விசாவில் அனுப்பி வைத்தார்கள். சுங்கத்தில் அதிகாரி பிரசவ லேகிய டின்னைத் திறந்து முகர்ந்து, "இது என்ன?" என்றார். மருந்து என்றேன். யாருக்கு? அக்காவுக்கு. என்ன நோய்? "குழந்தை" என்றேன். அவர் சிரித்து, மூடியைத் தாமே அழுத்தி மூடி, "மப்ரூக்" என்று வாழ்த்தித் திருப்பித் தந்தார். அந்நிய மண்ணில் எனக்குக் கிடைத்த முதல் அரபுச் சொல் வாழ்த்துச் சொல்லாக இருந்ததை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மார்த்தா ஒரு பானை கோழிச்சாற்றோடு நான்காம் மாடி ஏறி வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்ததும் வராததுமாக அக்காவைப் பார்த்து, "எழுந்திருக்காதே. நாற்பது நாள் ஆகவில்லை" என்றார்.

"பாத்தியாட்டி? அமெரிக்காவுலயும் நாப்பது நாள் இருக்கு" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

நான் மொழிபெயர்த்தேன். மார்த்தா தலையை அசைத்தார். "அமெரிக்காவில் இல்லை. எங்கள் வீட்டில்."

இந்த வேறுபாட்டை அவர் எப்போதும் விட்டுக்கொடுக்கமாட்டார் என்பது பிறகு புரிந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா உழுத நிலம் முன்பு மெக்சிகோவில் இருந்தது. போருக்குப் பின் எல்லைக்கோடு நகர்ந்தது. அதே நிலம் அமெரிக்காவில் இருந்தது. ஆனாலும் நான்கு தலைமுறைக்குப் பிறகும், "நீங்கள் எந்த ஆண்டு வந்தீர்கள்?" என்றுதான் அவரைக் கேட்பார்களாம். பள்ளியில் ஸ்பானிய மொழியில் ஒரு சொல் பேசினால் உள்ளங்கையில் அடி. எங்கள் கான்வென்டில் தமிழ் பேசியதற்காக நானும் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன் என்றேன். சொன்ன பிறகு அந்த ஒப்புமை பொருந்தாது என்று தோன்றியது. எனக்கு வகுப்புக்கு வெளியே வராந்தா முழுவதும் தமிழ் பேசியது. அவருக்கு அப்படியொரு வராந்தா இருக்கவில்லை.

"எங்களை அமெரிக்கர் என்று முதன்முதலில் மனதார எழுதியது இந்த ஊர்ச் சம்பளப் பட்டியல்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய கணவர் ரமீரோ பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிப்பவர். அங்கே கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊதியம். செய்யும் வேலை ஒன்றாக இருந்தாலும், இந்தியருக்கு ஒரு தட்டு, அமெரிக்கருக்கு வேறொரு தட்டு.

பேசிக்கொண்டே மைதா மாவைப் பிசைந்து, கையாலேயே தட்டி, தோசைக்கல்லில் மெல்லிய ரொட்டிகளாகச் சுட்டு அடுக்கினார். சப்பாத்தியைவிட மென்மை, பரோட்டாவைவிடச் சாது. அக்கா அதைப் பூண்டுக் குழம்பில் தோய்த்து நான்கு தின்றாள். "அவிய கையில கட்டை இல்லாமலே வட்டம் வருதுட்டி" என்று எனக்கும் ஒரு குத்து வைத்தாள்.

மார்த்தா வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் லூசியாவுக்கு அடுத்த வார வெள்ளியன்று பதினைந்து வயது நிறைகிறது. அவர்கள் வழக்கத்தில் அது பெரிய விழா. பெண் வெள்ளை உடை உடுத்திப் பூசை காண்பாள், பிறகு விருந்து. விருந்தில் தகப்பன் அவளுடைய தட்டையான செருப்பைக் கழற்றி, முதன்முதலாகக் குதிகால் உயர்ந்த காலணியை மாட்டிவிடுவார். இதில் முக்கியமான ஒன்று உண்டு: எதையும் பெற்றோர் மட்டும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. கிரீடத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், உடைக்கு ஒருவர் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானப்பெற்றோர் முன்வர வேண்டும். நமக்கு ஞானஸ்நானத்துக்கு இரண்டு பேர் போதும். அவர்களுக்கு ஓர் ஊரே வேண்டும்.

"எனக்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்" என்றார் மார்த்தா. "யாரும் வராமல் நானே எல்லாம் வாங்கிக் கொடுத்தால் அது வெறும் பிறந்தநாள். இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஹசிந்தா, நீ காலணிக்கு நிற்பாயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நிப்பேன்னு சொல்லுட்டி. என்ன கேள்வி இது?"

செவ்வாயன்று நானும் மார்த்தாவும் கிரீடம் செய்யச் சொல்ல, நகருக்கு வெளியே பட்டறைகள் நிறைந்த முசஃபாவுக்குப் புறப்பட்டோம். ரமீரோவின் கம்பெனிப் பிக்கப்பை ஓட்டியவர் இருளப்பன், முதுகுளத்தூர்ப் பக்கம். மார்த்தாவைப் பார்த்த முதல் நாளே தமிழில் பேசத் தொடங்கியவர், அவர் யார் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

"அவங்களுக்குப் புரியும் தங்கச்சி. ஒன்றரை வருசமாப் பேசிப் பேசிப் புரிய வச்சிட்டேன். இந்தா பாருங்க. அம்மா, போலாமா?"

"போலாம்" என்றார் மார்த்தா.

"ஏசி?"

"இல்லை" என்றார் மார்த்தா, துயரத்தோடு.

முசஃபா சாலையில் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. இருபுறமும் வெளுத்த மணல். மே மாத வெயிலை நான் பாளையங்கோட்டையில் பார்த்திருக்கிறேன். அங்கே அது தலைக்கு மேலே இருக்கும். இங்கே அது கீழிருந்தும் வந்தது. மார்த்தா வண்டியின் நிழலில் கைக்குட்டையால் முகத்தை மூடி உட்கார்ந்துவிட்டார். இருளப்பன் கேனிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபடி கேட்டார்:

"அம்மா என்னமோ பெருசா விசேசம் வைக்கிறாங்க போல?"

விளக்க முயன்றேன். மகளுக்கு வயது நிறைகிறது, இனிமேல் அவள் சிறுமி இல்லை, பெரியவள் என்று ஊருக்குச் சொல்கிற விழா என்றேன். அவர் விழிப்பதைப் பார்த்து, சுருக்கமாக இருக்கட்டுமே என்று, "நம்ம ஊர் சடங்கு மாதிரின்னு வச்சுக்கோங்கண்ணே" என்றேன். சொற்களை எடை போட்டே பேசுகிறவள் என்று கல்லூரியில் எனக்குப் பெயர். அன்று வெயிலில் எடை போடவில்லை. நான் ஒப்புமையாகச் சொன்னதை அவர் செய்தியாகவே எடுத்துக்கொண்டார் என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியப்போகிறது.

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "தாய்மாமன் இருக்காரா?"

மார்த்தாவிடம் கேட்டேன். தம்பி ஒருவர் இருக்கிறார், டெக்சாஸில் லாரி ஓட்டுகிறார், வர இயலாது என்றார். அதைச் சொன்னேன்.

"டிரைவரு" என்றார் இருளப்பன். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திருகி மூடினார்.

முசஃபாவில் ஒரு வெல்டிங் யார்டில் சிங்கம்புணரி வெல்டர் ஒருவர், பளபளக்கும் துருப்பிடிக்காத கம்பியைக் கையில் வளைத்துக் காட்டி, "அளவு மட்டும் குடுங்க, கிரீடத்துக்கு ஆளு நானு" என்றார். இருளப்பன் சொல்லித்தான் அப்படிச் சொன்னார். மார்த்தா தம் பட்டியலில் இரண்டாம் பெயரை எழுதிக்கொண்டார். மாலைக்குள் ஹைதராபாத் தையல்காரர் உடைக்கு நின்றார். மங்களூர் பேக்கரிக்காரர் கேக்குக்கு.

புதன்கிழமை, மார்த்தாவின் வீடு இருந்த கம்பெனிக் குடியிருப்புக்குப் போனோம். விருந்துக்கு அங்கேயுள்ள கிளப் மண்டபத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாசலில் காவலாளி கையை நீட்டி எங்கள் இருவரையும் மறித்தார். "கிஸ்கே சாத்?" என்று கேட்டார். யாரோடு வந்தீர்கள் என்று பொருள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், உள்ளே குடியிருப்பவர் ஒருவரோடு வந்தால் மட்டும் அனுமதி என்பது விதி.

மார்த்தா கைப்பைக்குள் அட்டையைத் தேடினார். அந்த நேரத்தில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. தகப்பனின் வெளுத்த நிறத்தோடு, உயரமாக ஒரு பெண் இறங்கினாள். எங்களைப் பார்த்தாள். பிறகு, பார்க்காதவளைப் போல, விரைந்து வாசலைக் கடந்து போனாள். காவலாளி அவளுக்கு சல்யூட் வைத்தார்.

"அது என் மகள்" என்றார் மார்த்தா, ஒரு தகவலைப் போல.

காவலாளி மரியாதையோடு சிரித்தார், நம்பவில்லை. அட்டை கிடைத்ததும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். "வாரா வாரம் வாசலில் ஆளை மாற்றிவிடுகிறார்கள்" என்று உள்ளே நடக்கும்போது மார்த்தா சொன்னார். "அதனால் வாரா வாரம் நான் புதிதாக வந்து சேர்கிறேன்."

அந்த விதியையோ காவலாளியையோ பார்த்து வியக்க எனக்கு உரிமையில்லை. யார் எந்த வாசல் வழியாக வரலாம் என்பதில் எங்கள் ஊருக்கு இருக்கிற நினைவாற்றல் வேறு எதிலும் கிடையாது.

கிளப் செயலாளர் இனிமையான பெண்மணி. எலுமிச்சைச் சாறு கொடுத்தார். விருந்தினர் பட்டியலைப் படித்தார். நர்ஸின் தங்கை, தையல்காரர், வெல்டர், ஓட்டுநர். அவருடைய புன்னகை மாறவில்லை. "மண்டபத்தைத் தருவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் இவர்கள் உறுப்பினர்களின் விருந்தினராக வருவது வழக்கமில்லை. அவர்களுக்கே இங்கே கூச்சமாக இருக்கும் அல்லவா? அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். வேண்டுமானால் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்தனுப்பலாமே."

மார்த்தா பட்டியலை வாங்கி நான்காக மடித்தார். "அவர்கள் விருந்தினர் அல்லர். என் மகளின் ஞானப்பெற்றோர்" என்றார். எலுமிச்சைச் சாற்றுக்கு நன்றி சொல்லி எழுந்தார்.

வெளியே நீச்சல்குளத்தின் ஓரமாக நடந்தோம். குளம் மிக நீலமாக இருந்தது. "எங்கள் ஊர் நீச்சல்குளத்தில் எங்களைப் போன்றவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் இருந்தது" என்றார். "தண்ணீரை மாற்றுவதற்கு முந்தின நாள். நாங்கள் குளித்த மறுநாள் காலையில் வடித்துவிட்டு, கழுவிப் புதிய நீர் நிரப்புவார்கள். லூசியா அதையெல்லாம் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்தோம்."

வீட்டுச் சமையலறையில் லூசியா நின்றபடி பால் குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவள் பெயர் லூசி. மண்டபம் இல்லை என்று தாய் சொன்னதும், "நல்லது" என்றாள். "எனக்கு இது வேண்டவே வேண்டாம். யாரும் இதையெல்லாம் செய்வதில்லை."

"யாரும் என்றால்?"

"என் பள்ளியில் இருப்பவர்கள். அவர்கள் உன்னை எங்கள் வேலைக்காரி என்று நினைக்கிறார்கள், அம்மா." சிறிது நேரம் பொறுத்து, மெதுவாகச் சொன்னாள்: "நான் அதை மறுத்துச் சொல்லவில்லை."

மார்த்தா ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். "ஆங்கிலத்தில் பேசு" என்றாள் லூசியா. மார்த்தா அடுப்பை அணைத்தார். அதில் எதுவும் இருக்கவில்லை. என்னை வாசல்வரை கொண்டுவிடும்போது, "பூசை நடக்கும். விருந்து வேண்டாம் என்றால் வேண்டாம்" என்றார்.

திரும்பும் வழியில் இருளப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, மூஞ்சி செத்துப்போய் இருக்கு?"

மண்டபம் கிடைக்கவில்லை, விழா நின்றுவிடும் போலிருக்கிறது என்றேன். காரணத்தைச் சொல்லாமல் விழுங்கினேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "மண்டபம் இல்லேன்னா சடங்கு நிக்குமா? பொம்பளப்பிள்ள விசயம், தங்கச்சி. நின்னுபோனா நல்லாவா இருக்கும்? முசஃபா யார்டு வெள்ளிக்கெழம சும்மாதானே கெடக்கு. கஃபீல்கிட்ட நான் பேசிக்கிர்றேன்."

கஃபீல், அதாவது யார்டுக்குச் சொந்தக்காரரான அந்த அரபுக் கிழவர், கேட்டது ஒரே கேள்விதானாம்: யாருக்கு விழா, பையனுக்கா, பெண்ணுக்கா? பெண்ணுக்கு என்றதும் "யல்லா" என்று, ஆகட்டும் என்பதாகக் கையை வீசியிருக்கிறார். விழாவன்று காலை ஓர் ஆட்டையும் அனுப்பிவைத்தார்.

மார்த்தாவிடம் நான் சொன்னபோது அவர் மடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்து விரித்தார். லூசியாவைச் சம்மதிக்க வைத்தது, பாலைவனத்திலிருந்து திரும்பிய ரமீரோ. "பூசைக்கு வா, அம்மாவுக்காக. யார்டில் அரை மணி நேரம். பிடிக்காவிட்டால் வண்டியிலேயே உட்கார்ந்திரு" என்றாராம். அவள் அதற்குமட்டும் ஒத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அக்காவுக்கு முப்பத்தாறாம் நாள். வரத் துடித்தவளை மார்த்தாவே அதட்டிப் படுக்க வைத்துவிட்டார். அவளுக்குப் பதிலாகக் காலணிப் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காலைப் பூசையில் லூசியா வெள்ளை உடையில், கம்பிக் கிரீடத்தோடு, யாரையும் பார்க்காமல் முழங்காலிட்டிருந்தாள். குருவானவர் ஆசி கொடுத்தார். மார்த்தா அழவில்லை; ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு யார்டை அடைந்தோம். சாரக் குழாய்களை நட்டு, தார்ப்பாய் கட்டி, ஈச்சமட்டை செருகி ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். வாழைமரம் கிடைக்காத குறைக்கு, பச்சை வண்ணம் அடித்த இரண்டு குழாய்கள் வாசலில் நின்றன. ஒரு மூலையில் ஆள் உயர விசிறி இரைந்தது. இருபத்தேழு ஆண்கள், பெட்டியின் மடிப்புக் கலையாத வேட்டிகளில், முகத்தில் பவுடரோடு நின்றார்கள். லூசியா வண்டியை விட்டு இறங்கவில்லை. மார்த்தா மட்டும் கதவருகே நின்றார்.

அப்போதுதான் வரிசை வந்தது.

முன்னால் இருளப்பன், தலையில் துண்டைப் பரிவட்டமாகக் கட்டிக்கொண்டு. பின்னால் ஆறு பேர். ஏழு பேர் கையிலும் தட்டுகள். தகரத் தகட்டை வட்டமாக வெட்டி, கையைக் கிழிக்காதபடி ஓரத்தை அராவியிருந்தார்கள். ஒன்றில் பட்டுச் சேலை, ஒன்றில் கண்ணாடி வளையல், ஒன்றில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள் கிழங்கு. மற்றவற்றில், அவர்கள் லீவில் ஊருக்குக் கொண்டுபோகும் பொருட்கள்: சென்ட் பாட்டில், பால்மாவு டின், முகப்பவுடர், பேரீச்சை, வாசனைச் சோப்பு, மடக்குக் குடை. குடை யாருடைய யோசனையோ தெரியவில்லை. அங்கே ஆண்டுக்கு இரண்டு நாள் மழை பெய்தால் அதிகம்.

இருளப்பன் என்னருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, நலங்கு வைக்க நீங்கதான் வரணும். வேற பொம்பளையாளு இங்க யாரு இருக்கா? பிள்ளையத் தண்ணி ஊத்திட்டுத்தான கூட்டியாந்திருக்கீங்க?" என்றார்.

"அண்ணே" என்றேன். "இது அந்தச் சடங்கு இல்லண்ணே. வயசு பதினஞ்சு ஆகுது. அவ்வளவுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப பிள்ள வயசுக்கு வரலையா?"

"அது எப்பவோ. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். "அய்யய்யோ. எம் பொஞ்சாதிக்கு லெட்டரே போட்டுட்டேனே. அமெரிக்காக்காரம்மா மகளுக்கு நாந்தான் தாய்மாமன்னு." பின்னால் நின்றவர், "யோவ், தேங்காய இறக்கவா, சொமக்கவா?" என்றார்.

இதற்குள் மார்த்தா வந்துவிட்டார். இதெல்லாம் என்ன என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன்: ஒரு பெண் பெரியவளானால் எங்கள் ஊரில் தாயின் உடன்பிறந்தவன் கொண்டுவரும் சீர் இது, உங்கள் தம்பி வர முடியாததால் இவர் அந்த இடத்தில் நிற்கிறார், என் தவறான விளக்கத்தால் நேர்ந்தது. மார்த்தா தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலால் எண்ணினார். "சேலைக்கு ஒருவர்" என்றார். "வளையலுக்கு ஒருவர். தேங்காய்க்கு ஒருவர்." குடையிடம் வந்ததும் அவரால் தொடர முடியவில்லை.

பிக்கப்பின் கதவு திறந்தது. லூசியா உடையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தாள். "அவர்கள் இது என்ன விழா என்று நினைக்கிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்."

மொழிபெயர்ப்பவருக்குப் பொய் சொல்ல எவ்வளவு வசதி இருக்கிறது என்பது எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது உண்மையை. சொன்னேன்.

அவள் காதுவரை சிவந்தாள். "எல்லோருமா?"

"இருபத்தேழு பேரும். எங்கள் ஊரில் இதற்கு ஒலிபெருக்கி வைப்பார்கள்."

"கடவுளே."

"இவர் மனைவிக்குக் கடிதமும் போய்விட்டது."

ஒரு கணம் அவள் ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் இருளப்பனைப் பார்த்தாள். குற்றம் செய்தவரைப் போல, வளையல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது மனிதர் தலைகுனிந்து நின்றார். லூசியா சிரிக்கத் தொடங்கினாள். கிரீடம் சரியும்வரை சிரித்தாள். பிறகு இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். நீட்டியபோது ஸ்பானிய மொழியில் ஒரு சொல் சொன்னாள். அதற்கு மாமா என்று பொருள் என்பதை மார்த்தாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வளையல் போடச் சொல்லுறா, அண்ணே" என்றேன்.

"அதுக்கெல்லாம் நீங்க சொல்லணுமாக்கும்" என்றார் இருளப்பன், தட்டிலிருந்து வளையலை எடுத்தபடி.

நலங்கு வைக்கவில்லை. சந்தனம் மட்டும் தொட்டு வைத்தேன். ரமீரோ மண்ணில் மண்டியிட்டு மகளின் செருப்பைக் கழற்றி, என் அக்கா கொடுத்த காலணியை மாட்டினார். அந்தச் செயலுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை; மகள்களை ஊரில் விட்டு வந்த மனிதர்கள் அதைச் சத்தமில்லாமல் பார்த்தார்கள். டேப்ரிக்கார்டரில் ஒரு மெல்லிய இசை ஓடியது. தகப்பனும் மகளும் சிமெண்டுத் தரையில் ஆடினார்கள். கடைசியில் ஆட்டுக்கறியை மார்த்தாவின் ரொட்டியில் சுருட்டித் தின்றோம். சிங்கம்புணரிக்காரர் ஒன்பது தின்றுவிட்டு, "இதுல கொஞ்சம் உப்பு சேத்தா பரோட்டாக்கடை போட்டுறலாம்" என்று தீர்ப்பளித்தார். அரை மணி நேரம் என்றவள் இரண்டு மணி நேரம் இருந்தாள்.

வாசல் விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு குடியிருப்புக்குத் திரும்பினோம். ரமீரோ யார்டிலேயே பந்தலைப் பிரிக்கத் தங்கிவிட்டார். இருளப்பன் வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். மார்த்தாவும் லூசியாவும் இறங்கினார்கள். லூசியா வெள்ளை உடைக்குமேல் பட்டுச் சேலையைச் சால்வையாகப் போர்த்தியிருந்தாள். நெற்றியில் சந்தனம், இரு கைகளிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல், கையில் குடை.

அந்த வாரத்துக்குப் புதிய காவலாளி. அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். மார்த்தா கைப்பையைத் திறந்தார். லூசியா பழக்கத்தால் இரண்டடி முன்னே போய்விட்டாள். காவலாளி வேகமாக நகர்ந்து அவளையும் மறித்தார். வளையலைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார். அந்த வாசலில் அவளை யாரும் நிறுத்தியது அதுவே முதல் முறை.

"கிஸ்கே சாத்?" என்று கேட்டார்.

நான் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் ஓர் அட்டை இருந்தது. அந்த வெள்ளை உடைக்குள் எங்கோ ஒரு பையில். அவள் பேசும் ஆங்கிலம் ஒரு வாக்கியம் போதும், அவர் பின்வாங்கிவிடுவார். அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் திரும்பி நடந்து வந்து, கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த தாயின் பக்கத்தில் நின்றாள். வளையல்கள் குலுங்க, அந்தக் கையை உயர்த்தி மார்த்தாவைக் காட்டினாள்.

"இவரோடு" என்றாள்.